ஆடையின் அளவும் ஆசையின் அளவும்

இல்லறத்தார்க்குப் பொருளீட்டுதல் கடமை. அப்பொருள் அறவழியில் வருதல் அதனினும் பெரிய கடமை. இவ்விரண்டும் தம்முள் முரணாத தொழில் எது என்னும் வினா நம் முன்னோர்க்கும் இருந்தது. நம் மக்களுக்கும் இருக்கிறது. முன்னோர்க்கு அவ்வினா உழவைப் பற்றி எழுந்தது. கலப்பை மண்ணைப் பிளக்கும்போது புழு பூச்சிகள் மடிகின்றனவே, கொல்லாமை நோற்பவன் ஏர் பிடிக்கலாமா என்று அவர்கள் எண்ணிப் பார்த்து, விடை கண்டு, அவ்விடையின்படி வாழ்ந்தார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு வாய்க்கும் தொழில்கள் வேறு. சென்னையில் ஆடைநயத் தொழில்நுட்பத்திற்கெனத் தேசியக் கல்வி நிறுவனத்தின் கிளை 1995ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இத்தகைய நிறுவனங்களில் பயின்றவர்க்கு மும்பை, துபாய், இலண்டன், பாரிசு முதலிய நகரங்களிலுள்ள உயர்விலை ஆடையகங்களின் கதவுகள் திறக்கின்றன. அங்குள்ள பணிகளுள் ஒன்று ‘மெர்ச்சண்டைசர்’ என்பது. அப்பணியைச் சிராவகி ஒருத்தி ஏற்கலாமா? ஏற்பாளாயின் எவ்வாறு ஒழுக வேண்டும்? இவ்வினாக்களையே இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

பணியின் இயல்பு

திருப்பூரை அறிந்தவர்க்கு மெர்ச்சண்டைசர் என்னும் சொல் புதிதன்று. அங்கு அவர், வெளிநாட்டு வணிகர் தரும் ஆணைக்கும் ஆலையில் நடக்கும் தையலுக்கும் இடையே நிற்பவர். துணி, சாயம், பொத்தான், அனுப்பும் நாள் ஆகிய அனைத்தையும் கண்காணிப்பவர். நாம் கூறப்போவது கடையின் பக்கத்தில் இருக்கும் மெர்ச்சண்டைசரைப் பற்றியது. உயர்விலை ஆடையகத்தில் எந்த ஆடையை வாங்குவது என்று தேர்ந்தெடுப்பவர் ‘பையர்’. அதனை எத்தனை வாங்குவது, எந்தெந்த அளவுகளில் வாங்குவது, எந்த ஊர்க் கடைக்கு எத்தனை அனுப்புவது, என்ன விலைக்கு விற்பது, எப்போது விலையைக் குறைப்பது என்று கணக்கிடுபவரே மெர்ச்சண்டைசர்.

இக்கணக்கு எளிதன்று. பாரிசிலும் மிலானிலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நடக்கும் ஆடைக் காட்சிகளில் வரவிருக்கும் குளிர்காலத்துக்குரிய ஆடைகள் காட்டப்படுகின்றன. செப்டம்பர், அக்டோபரில் அடுத்த வேனிற்காலத்துக்குரியவை காட்டப்படுகின்றன. ஆகவே, ஆறு திங்களுக்குப் பின் முன்பின் அறியாத ஒருவர் எதை விரும்புவார் என்று இன்றே கணித்துப் பொருளை வாங்கியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவகை மேலங்கி 100 வாங்கப்பட்டது எனக் கொள்வோம். பருவம் முடிவதற்குள் முழுவிலையில் 65 விற்றன. எஞ்சியவை 35. அடுத்த பருவத்திற்கு 65 மட்டும் வாங்கினால் போதுமா? கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அதுவும் நட்டமே. 120 வாங்கினால் எஞ்சுவன மலையாகும். இவ்விரண்டிற்கும் நடுவே சரியான எண்ணைக் கண்டுபிடிப்பதே இத்தொழிலின் திறம்.

இவ்வாறு நோக்கினால், இப்பணி முழுவதும் அளவு காண்பதே என்பது விளங்கும். அளவு என்னும் சொல்லைக் கேட்டதும் சமணர்க்கு நினைவுக்கு வருவது ஒன்று உண்டு.

ஆடை நமக்கு அளவுகோல்

நம் சமயத்தைப்போல ஆடையைக் கூர்ந்து நோக்கிய சமயம் அரிது. நாம் வணங்கும் முனிவர் திசைகளையே ஆடையாக உடுத்தவர். அந்நிலையை நோக்கி ஏறும் படிகளில் ஆடை படிப்படியாகக் குறைகிறது. சிராவகர்க்குரிய 11 படிமங்களுள் இறுதிப் படிமத்தில் நிற்கும் சுல்லகர்க்குக் கோவணமும் சிறிய மேலாடையும் உண்டு. அவரினும் மேற்பட்ட ஐலகர்க்குக் கோவணம் ஒன்றே உடைமை. ஆரியாங்கனைகளுக்கு ஒரே வெண்புடவை. இங்ஙனம், ஒருவர் துறவில் எவ்வளவு தொலைவு நடந்துள்ளார் என்பதை அவர் உடுத்த துணியே காட்டுகிறது.

இல்லறத்தார்க்கு இத்துணைக் கடுமை விதிக்கப்படவில்லை. அவர்க்கு விதிக்கப்பட்டது வரையறை. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் நுகர்பொருள்களை இரண்டாகப் பகுக்கிறார். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். உணவு அதற்கு எடுத்துக்காட்டு. மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஆடையே. இவற்றுக்கு எல்லை வகுத்துக்கொள்வது போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதம். அந்த எல்லையை எத்தனை காலத்துக்கு வகுக்கலாம் என்பதையும் ஆசாரியர் சொல்கிறார். ஒரு பகலுக்கு, ஓர் இரவுக்கு, ஒரு பக்கத்துக்கு, ஒரு திங்களுக்கு, ஒரு பருவத்துக்கு, ஓர் அயனத்துக்கு எனப் பலவாறு வகுக்கலாம். அயனமாவது ஆறு திங்கள். தமிழில் அருங்கலச்செப்பைப் பயின்றவர்கள் இவ்விரத முறையை நன்கறிவர்.

ஆடை வணிகரின் பருவமும் ஆறு திங்கள். சிராவகரின் அயனமும் ஆறு திங்கள். இருவரும் ஆடையை எண்ணுகின்றனர். சிராவகர் தம் ஆசைக்குக் கரை கட்டுவதற்காக எண்ணுகிறார். மெர்ச்சண்டைசர் பிறர் ஆசை எவ்வளவு பெருகும் என்று அறிவதற்காக எண்ணுகிறார். எண் ஒன்றே, நோக்கம் வேறு. இத்தொழிலைப் பற்றிய ஆய்வு இவ்வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடை செய்த நன்மையும் தீமையும்

பெரிய ஆடையகம் என்னும் அமைப்பின் வரலாற்றை அறிந்தால் இத்தொழிலை ஒரேயடியாகப் பழிக்கவும் இயலாது, புகழவும் இயலாது. பாரிசு நகரில் ‘போன் மார்ஷே’ என்னும் கடையில் 1852ஆம் ஆண்டில் பங்குதாரராகச் சேர்ந்தார் அரிஸ்டீட் பூசிகோ என்பவர். பொருளின்மீது விலையை எழுதி ஒட்டி, அரசிக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரே விலை என்ற முறையை அவர் அங்கு நிலைநாட்டினார். பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் இசைந்தார். ஆள் பார்த்து விலை கூறும் பொய் அவ்வளவில் ஒழிந்தது. பொய்யாமை நோற்பவர் இதனைப் போற்றவே வேண்டும்.

ஆயினும் அதே கடை, தேவையின்றி உள்ளே வந்தவரையும் பொருளோடு வெளியே அனுப்பக் கற்றுக்கொண்டது. அக்கடையை ஆராய்ந்து எமில் சோலா 1883இல் ஒரு புதினம் வெளியிட்டார். அதில் வரும் கடை முதலாளி, பொருள்களின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து வைக்கிறார். ஒன்றைத் தேடி வந்தவர் கடை முழுவதும் நடந்து பத்தைக் கண்டு மயங்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1909ஆம் ஆண்டில் இலண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் தம் பேரங்காடியைத் திறந்த கார்டன் செல்ஃபிரிட்ஜ், கடை மூடிய பின்னும் காட்சிச் சாளரங்களில் விளக்கெரியச் செய்தார். விற்பனை உறங்கினாலும் விருப்பம் உறங்கலாகாது என்பதே அவ்விளக்கின் பொருள் போலும்.

நேர்மையான விலையும் தூண்டப்பட்ட ஆசையும் ஒரே கூரையின்கீழ்ப் பிறந்தவை. எனவே, ‘இத்தொழில் நல்லதா, தீயதா?’ என்னும் வினாவைக் காட்டிலும், ‘இத்தொழிலில் இருப்பவரின் கை எதைச் செய்கிறது, மனம் எதில் நிற்கிறது?’ என்னும் வினாவே பயனுடையது.

உழவனும் வலைஞனும்

உழவைப் பற்றி நம் முன்னோர் கண்ட விடை இங்கு நமக்கு உதவும். உழவன் நாள் முழுதும் உழுகிறான். அவன் கலப்பையின் கீழ்ச் சிற்றுயிர்கள் மடிகின்றன. வலைஞன் நாள் முழுதும் வலையோடு நீர்க்கரையில் நிற்கிறான். ஒரு மீனும் அகப்படவில்லை. இவ்விருவருள் தீவினை மிகுதியாகச் சேர்வது யாருக்கு? வலைஞனுக்கே என்பது நம் ஆசாரியர்கள் காட்டும் முடிவு. உழவனின் எண்ணம் நெல்லில் நின்றது. வலைஞனின் எண்ணம் கொலையில் நின்றது. இதனாலன்றோ தொழில்வழி நேரும் இம்சையை உத்தியோகி என்றும், எண்ணிச் செய்யும் இம்சையைச் சங்கற்பி என்றும் பிரித்து, இல்லறத்தான் பின்னதை முற்றிலும் விடவேண்டும் என்றனர்! தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக உழவராய் வாழ்ந்தும் அறம் வழுவாமல் நின்றது இத்தெளிவினால்தான்.

மெர்ச்சண்டைசரின் மேசையும் இவ்வாறே. அது கலப்பையாகவும் இருக்கலாம், வலையாகவும் இருக்கலாம். ‘குளிர்நாட்டில் வாழ்வோர்க்கு மேலங்கி வேண்டும், நல்ல துணியில், நெடுநாள் உழைக்கும் தையலில், வேண்டிய அளவில் அதனைக் கொண்டு சேர்ப்பேன்’ என்று எண்ணுபவரின் கையில் அது கலப்பை. ‘ஐந்து மேலங்கி உள்ளவரை ஆறாவதற்கு ஏங்க வைப்பேன்’ என்று எண்ணுபவரின் கையில் அது வலை.

இங்கு ஒருவர், ‘நான் விற்பவளும் அல்லள், வாங்குபவளும் அல்லள், எண்களை மட்டுமே எழுதுகிறேன், எனக்கு இதில் என்ன பங்கு?’ என்று கேட்கக்கூடும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரத்தில் இதற்கு விடை வைத்துள்ளார். வினை வந்து சேரும் வாயில்களை அவர் கணக்கிடும் முறை இது. ஒரு செயலை எண்ணித் திட்டமிடுதல், அதற்கு ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. அவை மனம், சொல், உடல் என மூன்றின்வழி நிகழ்வன. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மேலும் மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் எனத் தூண்டும் கசாயங்கள் நான்கு. மூன்றை மூன்றால் பெருக்க 9. மீண்டும் மூன்றால் பெருக்க 27. நான்கால் பெருக்க 108. நம் செபமாலையின் மணிகள் 108 என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். இக்கணக்கில் திட்டமிடுதலே முதலாவதாக நிற்கிறது என்பதைக் காண்க. ஆகவே, எண்களை எழுதுபவர் வினைக்குப் புறத்தே நிற்பவர் அல்லர். அதன் முதல் வாயிலில் நிற்பவர். வாயிலில் நிற்பவர்க்குத் திறக்கவும் முடியும், அடைக்கவும் முடியும்.

மூன்று சோதனைகள்

மேசை கலப்பையா, வலையா என்று அறிய மூன்று சோதனைகள் போதும் என்பது நம் கருத்து.

முதலாவது, பொருள் எதனால் ஆனது? உயர்விலைக் கடைகளில் மென்மயிர்த் தோலாடைகளும், முதலை, மலைப்பாம்பு முதலியவற்றின் தோலால் ஆன கைப்பைகளும் விற்கப்பட்டு வந்துள்ளன. இவை உயிர்க்கொலையால் மட்டுமே கிடைப்பவை. தந்தம் முதலிய விலங்குறுப்புகளை விற்கும் வணிகத்தை நம் சமய நூல்கள் விலக்கப்பட்ட தொழில்களுள் வைத்து எண்ணின. எனவே இதில் ஐயத்துக்கு இடமில்லை. உலகமும் சிறிது சிறிதாக இவ்வழிக்கு வருகிறது. குச்சி நிறுவனம் 2017இல் மென்மயிரைக் கைவிடுவதாக அறிவித்தது. பர்பெரி நிறுவனம் 2018 செப்டம்பரில் அறிவித்தது. ஷனெல் நிறுவனம் 2018 டிசம்பரில் மென்மயிரோடு முதலை, பாம்பு, பல்லி முதலியவற்றின் தோலையும் விட்டது. சமணர் அல்லாதாரே விட்டதைச் சமணர் கணக்கெழுதி விற்பது பொருந்துமா?

பொருள் யார் கையால் ஆனது என்பதும் இதனுள் அடங்கும். 2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நகர நீதிமன்றம், டியோர் கைப்பைகளைத் தைத்த துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டப்பட்டமை பற்றிய வழக்கில், அந்நிறுவனத்தின் இத்தாலிய உற்பத்திக் கிளையைத் தன் மேற்பார்வையில் வைத்தது. 2025இன் தொடக்கத்தில் அம்மேற்பார்வை நீங்கியது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பைக்கு, தோல் முதலியவற்றின் விலை நீங்கலாக, பட்டறைக்குத் தரப்பட்டது 53 யூரோ என்பது அவ்வழக்கில் வெளிவந்த செய்தி. விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் இவ்விடைவெளியைக் கண்டும் காணாதிருத்தல் கள்ளாமை நோன்புக்கு ஒத்துவராது.

இரண்டாவது, விற்கச் சொல்லப்படுவது மெய்யா? முந்தைய விலையை உயர்த்தி எழுதி அதன்மேல் கோடிட்டுக் காட்டுதல், கிடங்கில் வேண்டிய அளவு இருக்கும்போதே ‘இறுதி ஒன்று’ என்று கூறுதல் ஆகியவை சிறிய பொய்கள்போல் தோன்றும். பொய்க்குச் சிறியது பெரியது இல்லை. அரிதாகச் செய்யப்படுவதனால் ஒரு பொருள் அரிதாவது இயற்கை. கைவினைஞர் பல நாள் இருந்து இழைத்த பூவேலை ஆயிரக்கணக்கில் கிடைக்காது. ஆனால் ஏக்கத்தை வளர்ப்பதற்காகவே அரிதாக்கிக் காட்டுவது வஞ்சம் என்னும் கசாயத்தின் பாற்பட்டது.

மூன்றாவது, எஞ்சியதை என்ன செய்கிறார்கள்? இதுவே மெர்ச்சண்டைசரின் பணிக்கு மிக நெருங்கியது. எஞ்சிய ஆடைகளை விலை குறைத்து விற்கலாம்; ஊர்ப்புறத்து மலிவு விலைக் கடைகளுக்கு அனுப்பலாம். ஆனால் விலை குறைந்தால் பெயரின் பெருமை குறையும் என்று அஞ்சும் நிறுவனங்கள் அவற்றை அழித்துவிடுவதும் உண்டு. பர்பெரி நிறுவனம் 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 2 கோடியே 86 இலட்சம் பவுன் மதிப்புள்ள விற்காத பொருள்களை அழித்ததாக அதன் ஆண்டறிக்கையே கூறியது. பெருங்கண்டனம் எழுந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பிரான்சு நாடு 2020இல் இயற்றிய சட்டத்தின்படி, விற்காத ஆடைகளை அழிப்பது அந்நாட்டில் 2022 முதல் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய விதியின்படி, பெரிய நிறுவனங்கள் விற்காத ஆடைகளையும் காலணிகளையும் அழிப்பதற்குத் தடை தொடங்கும் நாளாக 2026 ஜூலை 19 குறிக்கப்பட்டது.

பாரிசிலும் பிரசல்சிலும் அண்மையில் சட்டமானது, சமந்தபத்திரர் காலத்திலேயே நமக்கு விரதமாயிருந்தது. அனர்த்த தண்டம் என்று அவர் விலக்கியவற்றுள் ஒன்று பொறுப்பின்றி நடத்தல். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவை அதனுள் அடங்கும். ஓர் ஆடை எரிகையில் இவை அனைத்தும் ஒருங்கே நிகழ்கின்றன. பருத்தி விளைந்த மண்ணும், அது குடித்த நீரும், நூற்ற கையும், தைத்த கண்ணும் பயனற்றுப் போகின்றன. ஏழை ஒருவன் குளிரில் நடுங்க, மேலங்கி தன் விலையைக் காத்துக்கொள்ளத் தானே எரிகிறது! இத்தீயின் முதற்பொறி எரியுலையில் பிறப்பதில்லை. ஆறு திங்களுக்கு முன் 65 போதுமென்ற இடத்தில் 120 என்று எழுதிய பேனாவில் பிறக்கிறது. ஆகவே சரியான எண்ணை எழுதுவதே இத்தொழிலில் ஒருவர் நோற்கக்கூடிய கொல்லாமை.

எழும் மறுப்புகள்

‘அவள் விட்டால் மற்றொருத்தி செய்வாள்; உலகம் மாறவா போகிறது?’ என்பார் உளர். பிறர் செய்யும் வினை பிறரைச் சாரும். நம் வினை நம்மைச் சாரும். இது நம் சமயத்தின் அடிப்படை. அதனோடு, அறிந்த ஒருவர் அவ்விடத்தில் அமர்ந்து எண்ணைக் குறைத்து எழுதினால் குறையும் தீமை கண்கூடானது.

‘ஆடம்பரத்தோடு சமணர்க்கு என்ன உறவு? அத்தொழிலே வேண்டாம்’ என்பார் வேறு சிலர். இவர்களின் கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் நம் இல்லங்களையும் ஒருமுறை நோக்க வேண்டும். நம் ஊர்களை அடுத்த ஆரணியில் பட்டு நெய்யப்படுகிறது. கூட்டினுள் உறங்கும் புழுவைக் கொதிநீரில் மடிவித்தே அவ்விழை பெரும்பாலும் எடுக்கப்படுகிறது என்பதை அறியாதவர் இலர். திருமணத்திற்குத் திருமணம் புதிய பட்டு வாங்கி, ஒருமுறை உடுத்திப் பெட்டியில் வைக்கும் இல்லத்தார், தொலைநாட்டில் மேலங்கிக் கணக்கு எழுதும் பெண்ணைப் பழிப்பது எங்ஙனம்? மூர்ச்சை என்று நம் நூல்கள் கூறும் பற்று, பொருளின் விலையில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது. பரணில் கிடக்கும் பத்து நூல்புடவையிலும் அது இருக்கலாம்.

பெற்றோர்க்கும் இங்கு ஒரு பங்கு உண்டு. பணியேற்ற மகளை ‘ஊதியம் எவ்வளவு?’ என்று கேட்கும் நாம், ‘எதை விற்கிறாய், அம்மா?’ என்று கேட்பதில்லை. முதல் வினாவை மட்டுமே கேட்டு வளர்த்தால், அவளும் தன்னை அவ்வினாவாலேயே அளந்துகொள்வாள். இரண்டாவது வினாவை அன்போடும் மதிப்போடும் கேட்டால், ஒரு நாள் அதற்கு விடை கூற வெட்கப்படும் பொருளை அவள் தானே விலக்குவாள். அதிகாரத்தால் தடுப்பதைக் காட்டிலும் இது வலிமையுடையது.

நம் முடிவு

சிராவகி இப்பணியை ஏற்கலாம். ஆனால் வெறுங்கையோடு ஏற்கலாகாது, விரதத்தோடு ஏற்க வேண்டும். மென்மயிரும் விலங்கின் தோலும் தன் கணக்கேட்டில் வாரா என்று பணியில் சேரும்போதே மேலாளரிடம் பணிவோடும் தெளிவோடும் கூறிவிட வேண்டும். பெரிய நிறுவனங்களில் பொருட்பிரிவுகள் பல இருப்பதால், தனக்குரிய பிரிவைக் கேட்டுப் பெற முயலலாம். பொய்யான விலை அட்டைக்குக் கையொப்பம் இடலாகாது. ஒவ்வொரு முறை ஆணை எழுதும்போதும், ‘எஞ்சினால் இது எங்கே போகும்?’ என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடை பெற்ற பின்பே எண்ணை எழுத வேண்டும். எரிப்பதே விடையாயின், அங்கு ஊதியம் எத்துணை உயர்ந்ததாயினும் அவ்விடத்தை விட்டு நீங்குதலே தக்கது. அந்நாளில் அவளைக் கோழை என்றோ பிழைக்கத் தெரியாதவள் என்றோ கூறாமல் தாங்கிக்கொள்வது குடும்பத்தின் கடமை.

இவை அனைத்திற்கும் முன்னதாகச் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. ஒவ்வோர் அயனத்தின் தொடக்கத்திலும், உலகத்தார்க்கு எத்தனை ஆடை என்று எழுதத் தொடங்கும் முன், தனக்கு எத்தனை என்று ஓர் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். அழகிய துணிகள் நாள்தோறும் கையில் படும் இடத்தில், பணியாளர்க்கென விலை குறைத்துத் தரும் இடத்தில், அந்த ஓர் எண்ணைக் காப்பது எளிதன்று. அதனைக் காப்பவளுக்கு, பிறர்க்கு எவ்வளவு போதும் என்பதும் தெரியும். காவாதவளுக்கு எந்தக் கணக்கும் அதனைக் கற்பிக்காது.

தொலைநாட்டிலிருக்கும் பெண்ணுக்கு மட்டும் உரிய விரதமன்று இது. இதனைப் படிக்கும் நாமும் வரும் அயனத்திற்கு நம் பெட்டியைத் திறந்து எண்ணி, நமக்குரிய எண்ணை எழுதிக்கொள்ளலாம்.

அருகன் அறம் வளர்க!